கழுவிய வெள்ளி

சின்னவளின் வெள்ளிப் பட்டறைக்குள் வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது நகை அல்ல, அந்தக் கம்பிதான். வேலை மேசைக்கு மேலே சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டிய செப்புக் கம்பி. துணி காயப்போட்டதுபோல அப்போது அதில் தொங்கியதெல்லாம் கெட்டுப்போன வேலைகள். ஒரு பக்கம் உருகிச் சப்பிப்போன மோதிரம், பற்று விட்டு வாய் பிளந்த வளையல், பற்றவைக்கும் பொடி கண்ட இடத்தில் ஓடி அம்மைத் தழும்பு விழுந்த தோடு. ஒரு தடவை ஒரு வாடிக்கைக்காரி, பாதி உருகித் தொங்கிய தொங்கட்டானைக் காட்டி, இதே மாடலில் ஒரு ஜோடி வேண்டும் என்று கேட்டுவிட்டாள். சின்னவள் சிரிக்காமல், "அது மறுபடி வராதுக்கா. எப்படி வந்துச்சுன்னு எங்க மாமாவுக்கே தெரியாது" என்றாள்.

மாமா என்றால் அவளுடைய அக்கா புருஷன். தெருவில் எல்லோருக்கும் அவர் ஃப்ரிட்ஜ்காரர். ஃப்ரிட்ஜும் ஏசியும் ரிப்பேர் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர். மூன்றாவது மாடி வெளிச்சுவரில் ஏசி மாட்டும்போது ஏணி சரிந்து விழுந்ததில் ஒரு கால் குட்டையாகிவிட்டது. ஏணி ஏறாத ஏசி மெக்கானிக்கை யார் கூப்பிடுவார்கள்? வீட்டில் படுத்துக்கிடந்து, மின்விசிறியை எண்ணிக்கொண்டு, பெண்டாட்டியிடம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த மனிதரை, "மாமா, உங்களுக்கு நெருப்புப் பிடிக்கத் தெரியும்ல, சும்மா வந்து உட்காருங்க" என்று இழுத்து வந்து ஸ்டூலில் உட்காரவைத்தவள் சின்னவள்தான். அந்த ஸ்டூல் அவருக்குத் திரும்பக் கிடைத்த உயிர். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் காலையில் அவள் வந்து கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

நெருப்புப் பிடிக்கத் தெரியும் என்பதுதான் வினையாகவும் இருந்தது. செப்புக் குழாயைப் பற்றவைத்துப் பழகின கை. குழாயில் எந்த இடத்தில் ஒட்ட வேண்டுமோ அந்த இடத்தில் நெருப்பைக் காட்டினால் போதும். பக்கத்தில் இருக்கும் வால்வு வெந்துவிடாமல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டால் ஆயிற்று. வெள்ளி அப்படியல்ல. ஒரு மூலையில் சூடு பட்டால் அடுத்த மூலைக்கும் உடனே சேதி போய்விடும். முழுப் பொருளும் ஒரே சூட்டுக்கு வந்தால்தான் பொடி உருகி ஓடும். எந்தப் பக்கம் சூடு அதிகமோ அந்தப் பக்கம்தான் ஓடும். மெல்லிய வளையத்தைத் தடித்த தகட்டில் ஒட்டும்போது ஃப்ரிட்ஜ்காரர் பழக்கதோஷத்தில் வளையத்துக்கு நேராக நெருப்பை நீட்டுவார். பொடி மொத்தமும் வளையத்தின் மேல் ஏறிக்கொண்டு தகட்டைத் தொடவே தொடாது. பார்வைக்கு ஒட்டினதுபோல இருக்கும். தட்டினால் கையோடு வந்துவிடும்.

அப்படிக் கையோடு வந்தவை கம்பியில் நிறையவே தொங்கின. கெட்டதை உருக்கக்கூடாது, கழுவக்கூடாது, கெட்ட கோலத்திலேயே மாட்ட வேண்டும் என்பது சின்னவளின் சட்டம். அதே வேலையைப் பிசகில்லாமல் செய்து முடித்த பிறகுதான் அதை இறக்கி உருக்கலாம்.

"உருக்கிட்டா வெள்ளி திரும்ப வந்துரும் மாமா. எந்த இடத்துல தப்புப் பண்ணோம்கிறது வராது" என்பாள்.

"என் மானத்தைக் கொடி கட்டிக் காயப்போடுறே" என்பார் அவர்.

"காயட்டும், காயட்டும். எப்பவோ நனைஞ்சதுதானே."

தையல்காரம்மா வந்தது ஒரு மதிய நேரம். அதே தெருவில், நாலு கடை தள்ளி, தையல் மிஷின் வைத்திருப்பவள். ஃப்ரிட்ஜ்காரரின் கால் குட்டையான பிறகு அவருடைய பேன்ட்களை ஒரு கால் ஏற்றி ஒரு கால் இறக்கித் தைத்துக் கொடுப்பவள் அவள்தான். அவளுடைய மகள் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒன்றாம் வகுப்புப் பெண். ரத்தத்தில் வந்த நோய். ஃப்ரிட்ஜ்காரருடைய மகளும் அதே வயதுதான், அதே பள்ளிதான். அதனாலேயே கொஞ்ச நாளாக அவர் அந்தக் கடைப் பக்கம் போகாமல் எதிர்ச்சாரியில் நடந்துகொண்டிருந்தார்.

தையல்காரம்மா கைக்குட்டையை மேசைமேல் வைத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு சிட்டிகை முடி. செம்பட்டை கலந்த, புகைபோல மெல்லிய முடி. நடுவில் மஞ்சள் நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

"முடி எல்லாம் மருந்துல கொட்டிப்போச்சு. கொட்டினதை நான்தான் பெருக்கித் தள்ளினேன். மறுபடி முளைச்சிரும், மறுபடி முளைச்சிரும்னு டாக்டர் சொன்னாரே, அந்தத் தைரியத்துல" என்றாள். "சொன்னமாதிரியே முளைச்சுது. தொப்பிக்குள்ள, கோழிக்குஞ்சு மாதிரி. கோழிக்குஞ்சேன்னுதான் கூப்பிடுவேன். அப்புறம்தான் போய்ட்டா. இவ்வளவுதான் இருக்கு என்கிட்ட."

கழுத்தில் போட்டுக்கொள்ள ஒரு சின்னப் பெட்டி வேண்டும் என்றாள். திறந்து மூடுகிறதாக இருக்கக்கூடாது, திறந்தால் காற்றில் போய்விடும். ஆனால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

சின்னவள் தாளில் வரைந்து காட்டினாள். காசு அகலத்தில் உருண்டையான பெட்டி. மூடியில் பூப்பூவாகச் சின்னத் துளைகள். விளிம்பை நெருப்பில்லாமல், வெறுமனே மடக்கி அழுத்தி மூடியைப் பூட்டிவிடலாம். தையல்காரம்மா அந்தத் தாளையே தடவிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"நீங்க செய்ங்க மாமா" என்றாள் சின்னவள்.

"நானா?"

"பின்னே, காலம் பூரா கம்பிக்கே வேலை செய்றதா உத்தேசமா? நெருப்பு வேலை எல்லாம் முதல்ல முடிச்சிருங்க. முடி கடைசியிலதான் உள்ள போகணும். போனதுக்கு அப்புறம் டார்ச் நெருப்புப் பக்கமே திரும்பக்கூடாது. புரியுதா?"

புரியாமல் என்ன. அவர் அந்தப் பெட்டியைத் தவம் மாதிரி செய்தார். அடித்தகட்டை அறுத்து, சுற்றுச்சுவரை வளைத்து, பொடி தடையில்லாமல் ஓட வெங்காரம் பூசி, பொடி வைத்து, மொத்தத்தையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்து ஒட்டினார். பொடி ஒரு மின்னலாக விளிம்பைச் சுற்றி ஓடியது. பூத்துளைகளை இழைவாளால் அறுத்து, அரம் போட்டு, விரலால் தடவிப் பார்த்து மறுபடி அரம் போட்டார். கடைசியாகச் சங்கிலி கோக்கும் வளையத்தைப் பெட்டியின் தலையில் ஒட்டினார். சின்னவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அன்று வீட்டில் அவர் பெண்டாட்டியிடம் சிரித்துப் பேசினார். அவளுக்கு ஆச்சரியம்.

மறுநாள் சின்னவள் வெள்ளித் தகடு வாங்க வெளியே போயிருந்தாள். சாயங்காலம் தையல்காரம்மா வருவதாகப் பேச்சு. ஃப்ரிட்ஜ்காரர் இடுக்கியால் முடியை எடுத்து உள்ளே வைத்து, மூடியைப் பொருத்தி, விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிப் பூட்டினார். பூத்துளை வழியாக மஞ்சள் நூல் எட்டிப் பார்த்தது. கடைசி மெருகுக்குத் துணியால் தேய்த்தார். தலையில் இருந்த வளையம் கழன்று துணியோடு வந்துவிட்டது.

அதே தப்பு. பொடி மொத்தமும் வளையத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. பெட்டியில் வெறும் தழும்பு.

செய்ய வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. விளிம்பை நிமிர்த்தி, மூடியைக் கழற்றி, முடியை வெளியே எடுத்துவிட்டு, வளையத்தை ஒட்ட வேண்டும். நிமிர்த்தின விளிம்பு பல்லும் பிசிறுமாகிவிடும், மறுபடி அழகாக மடங்காது. பெட்டியே கம்பிக்குப் போக வேண்டியதுதான். தோளில் தட்டின கை என்ன நினைக்கும்? அவர் அண்ணாந்து கம்பியைப் பார்த்தார். அதில் தொங்கிய பாதிக்கு மேல் அவர் கைச்சரக்கு.

அந்த நேரத்தில்தான் பழைய புத்தி வந்து காதோரம் பேசியது. வால்வு வேகாமல் எத்தனை குழாய் ஒட்டியிருக்கிறோம்? ஈரத்துணி எதற்கு இருக்கிறது?

பெட்டியின் கீழ்ப்பாதியை ஈரத்துணியால் நன்றாகச் சுற்றி இடுக்கியில் பிடித்தார். தலையில் மட்டும் வெங்காரம், பொடி, வளையம். நெருப்பைக் காட்டினார். பொடி அசையவில்லை. துணி சூட்டை எல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்தது. நெருப்பைக் கூட்டினார். துணி உஸ்ஸென்று ஆவி விட்டது. இன்னும் கொஞ்சம், இதோ ஓடப்போகிறது, இன்னும் கொஞ்சம். துணி காய்ந்தது அவருக்குத் தெரியவில்லை. பொடி பளிச்சென்று ஓடியது, பிரமாதமாக ஓடியது, அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமான பற்று வைத்ததில்லை. அதே நேரத்தில் பூத்துளைகள் ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய புகை எழுந்தது. பிறகு அந்த வாடை.

முடி கருகும் வாடை தெரியாதவர் யார்? அவர் டார்ச்சை அணைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

விளிம்பை நிமிர்த்தி மூடியை எடுத்தபோது உள்ளே ஒன்றும் இல்லை. அடித்தகட்டில் கறுப்பாக ஒட்டிக்கிடந்த ஒரு கறை, நகத்தளவு. நூலும் அதிலேயே சேர்ந்திருந்தது. அடுத்து அவர் செய்ததை அவர் யோசித்துச் செய்யவில்லை. நெருப்பிலிருந்து எடுத்த வேலையைக் கறுப்புப் போக உடனே அமிலக் கிண்ணத்தில் போடுவது கைப்பழக்கம். போட்டார். கறுப்பு ஊறியது. எடுத்துப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தார். குழாயடியில் காட்டினார். மறுபடி தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார், யாராவது வந்துவிடுவதற்குள் எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிட வேண்டும்போல. கடைசியில் பெட்டி, பிறந்த குழந்தை மாதிரி, மாசு மருவில்லாமல் மின்னியது.

சின்னவள் திரும்பி வந்ததும் மூக்கைச் சுளித்தாள். "என்ன மாமா வாடை?"

"துணி தீஞ்சுருச்சு" என்றார். அது பொய் இல்லை. "பெட்டிக்கு மெருகு சரியா வரலை. நாளைக்குத் தரேன்னு சொல்லிரு."

மறுநாள் காலையில் மகளுக்குத் தலைவாருகிறேன் என்று அவராகவே முன்வந்தார். பெண்டாட்டிக்கு மறுபடியும் ஆச்சரியம். மகளின் பிடரியில், கழுத்தை ஒட்டி, மெல்லிய குட்டைமுடி சுருண்டு கிடந்தது. கத்தரிக்கோலின் குளிர்ச்சி பட்டதும் அவள் நெளிந்தாள்.

"எதுக்குப்பா வெட்டுறே?"

"சிக்கு விழுந்திருக்கு பாப்பா."

"பொய். அங்க சிக்கு வராது."

பெண்டாட்டியின் தையல் டப்பாவிலிருந்து மஞ்சள் நூல் எடுத்துக்கொண்டார்.

பெட்டியின் விளிம்பு பல்லிளித்தது. அரம் போட்டு, தட்டி, முடிந்தவரை மூடினார். தையல்காரம்மா வந்தபோது சின்னவளும் கூட இருந்தாள். அவர் யாரையும் பார்க்காமல் பெட்டியை நீட்டியதை முதல் வேலை ஒப்படைக்கிற கூச்சம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

தையல்காரம்மா பெட்டியை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பூத்துளையில் கண்ணை வைத்தாள். நெற்றி சுருங்கியது.

"நூல் மாறியிருக்கே."

ஃப்ரிட்ஜ்காரர் மேசையில் கிடந்த அரத்தை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"நான் சுத்தினது கோழிக்குஞ்சு மஞ்சள். அவளுக்குத் தைச்சு முடிக்காம விட்ட கவுன்ல இருந்து உருவினது. இது எலுமிச்சை மாதிரி இருக்கு."

"வெள்ளிக்குள்ள இருக்குல்லக்கா" என்றாள் சின்னவள், ஒன்றுமறியாமல். "ஓட்டை வழியாப் பார்த்தா நிறம் அப்படித்தான் வெளிறித் தெரியும்."

"அப்படியா?"

"ஆமாக்கா."

தப்பிக்க வழி திறந்தாயிற்று. அவர் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், எல்லாம் முடிந்துவிடும். தையல்காரம்மா தலையாட்டினாள். நம்ப வேண்டும் என்று அவளுக்கே ஆசையாக இருந்தது. பெட்டியைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடினாள்.

"கோழிக்குஞ்சே" என்றாள், பெட்டிக்கு மட்டும் கேட்கிற குரலில். "வந்துட்டியாடி?"

உள்ளே இருப்பது அவர் மகளின் முடி. பள்ளிக்கூடத்தில் இந்நேரம் பக்கத்துப் பிள்ளையோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிற பிள்ளையின் முடி. செத்துப்போனவளைக் கூப்பிடுகிற குரல் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. தையல்காரம்மாவுக்காகப் பேசினாரா, தன் மகளுக்காகப் பயந்து பேசினாரா என்று பிற்பாடு எத்தனை யோசித்தும் அவருக்கே பிடிபடவில்லை.

"அம்மா, அது உங்க பொண்ணு முடி இல்ல."

தையல்காரம்மா கண்ணைத் திறந்தாள். சின்னவள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

"கருக்கிட்டேன். வளையம் விட்டுப்போச்சு, திறக்காமலே ஒட்டிரலாம்னு பார்த்தேன். கருகிருச்சு. இது என் மகளோடது."

தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரம்மா அழுவாள், அறைவாள், ஊரைக் கூட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

"திறங்க."

திறந்தார். அவள் இரண்டு விரலால் முடியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடிவிட்டாள்.

"உயிரோட இருக்கிற பிள்ளையோடதை இதுல வைக்கலாமாண்ணே? கொண்டுபோங்க. அவ நல்லா இருக்கட்டும்." அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். "கருகினது எங்க? அதைக் குடுங்க."

அவர் குழாயடியைப் பார்த்தார்.

"கரியாத்தானே ஆகியிருக்கும். தகட்டுல ஒட்டியிருக்கும்ல. அதைக் குடுங்க, அதையே உள்ள வச்சுக்கறேன்."

"கழுவிட்டேம்மா."

"எல்லாத்தையுமா?"

"அமிலத்துல போட்டு, பிரஷ் போட்டு..."

தையல்காரம்மா பெட்டியை எடுத்து உள்ளே பார்த்தாள். அவள் முகம் அதில் தெரிந்தது. அவ்வளவு பளபளப்பு.

"கரின்னாலும் அவ கரிதானேண்ணே" என்றாள். "கருகினதைக் கூட நான் மன்னிச்சிருவேன். கை தவறுறது எனக்கும் உண்டு. துணியை வெட்டிக் கெடுக்காத தையல்காரி உண்டா? ஆனா ஏண்ணே கழுவினீங்க?"

பெட்டியை வைத்துவிட்டுப் போனாள். நாலு கடை தள்ளி இருக்கும் தன் கடைக்கு அவள் நடந்து போய்ச் சேர வெகுநேரம் ஆனது.

சின்னவள் அவரைத் திட்டவில்லை. அமிலக் கிண்ணத்தை எடுத்து வந்து, வெள்ளைத் துணியை வேறொரு கிண்ணத்தின் வாயில் கட்டி, நீலப்பச்சையாக இருந்த அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வடிகட்டினாள். அவர் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். துணியில் கறுப்பாகக் கொஞ்சம் மண்டி நின்றது.

"இருக்கு!" என்றார். "சின்னவளே, இருக்கு பாரு."

"என்ன இருக்கு? இந்த வாரம் பூரா நாம போட்ட அத்தனை வேலையோட கசடும் அதுலதான் இருக்கு. செம்புச் செதில், வெங்காரக் கரி. அவங்க பிள்ளையோடது பாதிக்கு மேல குழாய்த் தண்ணியோட போயிருக்கும்."

"கறுப்பாத்தானே இருக்கு. இதைக் கொண்டுபோய்க் குடுத்தா என்ன? அவங்க மனசுக்கு ஒரு..."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மறுபடியுமா மாமா?"

அவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உண்மையாகவே அதில் ஒரு துளி இருக்கலாம். எது என்று சொல்ல யாராலும் முடியாது. அதைச் சொல்ல முடியாமல் ஆக்கியது அவர் கை. ஸ்டூலில் உட்கார்ந்து, இத்தனை நாளில் முதல்தடவையாக, காலுடைந்தபோதுகூட அழாத மனிதர் அழுதார். சின்னவள் அவரை அழவிட்டாள். பிறகு பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"மாட்டுங்க."

அவர் ஸ்டூலைப் பிடித்து, குட்டைக் காலை ஊன்றி எழுந்து, பெட்டியைக் கம்பியில் கோத்தார். வளையம் இம்மியும் அசையவில்லை, அவ்வளவு உறுதியான பற்று. மற்ற உருப்படிகள் கெட்ட கோலத்தில் கறுத்துத் தொங்க, அது மட்டும் அவற்றின் நடுவே மின்னிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஃப்ரிட்ஜ்காரர் தேறிவிட்டார். இப்போதெல்லாம் வளையம் விடுவதில்லை. கம்பியில் தொங்கிய அவருடைய தப்புகள் ஒவ்வொன்றாக இறங்கி உருகி, மோதிரமும் வளையலுமாக வெளியே போய்விட்டன. கம்பி கிட்டத்தட்ட காலி; பிசகில்லாமல் மறுபடி செய்ய வழியில்லாத அந்தப் பெட்டி மட்டும் இறங்கவில்லை. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "அந்தப் பெட்டி அழகா இருக்கே, அது விலைக்கா?" என்று கேட்கிறார்கள்.

"இல்லீங்க. அது கெட்டுப்போன வேலை" என்கிறார் அவர்.

"எங்க கெட்டிருக்கு? நல்லாத்தானே இருக்கு."

அவர் டார்ச்சைப் பற்றவைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கக் குனிகிறார்.